ட்ரவுட் ஓடை: தண்ணீர் யாருது, கரை யாருது?

கேள்வி: எமரால்டு ஏரிப் பக்கம் இரண்டு நாள் தங்கப் போறோமுங்க. ட்ரவுட்ங்கிற குளிர்நீர் மீன் இருக்கிற ஓடையில் பொதுமக்கள் தூண்டில் போடலாமுங்களா? எந்த ஓடைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: யாரையும் கேட்காமல் போய் உட்கார்ந்து பிடிக்கிற ட்ரவுட் ஓடை அங்கே கிடையாது என்று வைத்துக்கொண்டே தேடுங்கள். எமரால்டும் அவலாஞ்சியும் குந்தா மின்திட்ட அணைகள். அணை மின்வாரியத்தின் பொறுப்பு. அதில் வந்து விழும் ஓடைகள் பெரும்பாலும் காப்புக்காட்டுக்குள் ஓடுகின்றன. மீனுக்கு அனுமதி தருவது மீன்வளத் துறை. மேப்பில் நீலக்கோட்டைப் பார்த்தால் மட்டும் போதாது, அது யார் எல்லையில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் வரும் ஓடைகளை முதலிலேயே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

மிச்சமுள்ள பெயர்களோடு ஊட்டி மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்: இப்போது எந்த ஓடைக்குச் சீட்டு உண்டு, எத்தனை மீன் எடுக்கலாம், எந்த அளவுக்குக் கீழே திருப்பி விட வேண்டும். சீட்டு கிடைத்தாலும் அதே ஓடையின் பெயரைச் சொல்லி வனச்சரக அலுவலகத்தில் தனியாக எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மீன் சீட்டு, காட்டுக்குள் நுழையும் சீட்டு ஆகாது. அவலாஞ்சியில் வனத்துறை வண்டியில் சுற்றிப் பார்க்கும் டிக்கெட்டும் தூண்டிலுக்குச் செல்லாது. வெளியூர் வண்டிக்கு நீலகிரி இ-பாஸ் வேறு.

அனுமதியுள்ள ஓடையில் முதலில் தெர்மாமீட்டரை விடுங்கள். 10 முதல் 16 டிகிரி என்றால் நல்லது. 20-ஐத் தாண்டினால் மீன் இரை எடுப்பது குறையும், பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விட்டாலும் பிழைப்பது கஷ்டம். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து, பாறைக்குப் பின்னாலும், சலசலப்பு முடிந்து மடு தொடங்கும் இடத்திலும் நிற்கும். அதனால் கீழிருந்து மேலாக நடங்கள். மேலிருந்து வந்தால் உங்கள் நிழலே மீனை விரட்டிவிடும். 0.20 மி.மீ. நரம்பும் 3 முதல் 5 கிராம் ஸ்பின்னரும் (சுழலும் தகடு வைத்த போலி இரை) போதும். தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் சின்னக் கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள், கழற்ற லேசாக இருக்கும். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள். காய்ந்த கை பட்டால் மேல்வழுவழுப்பு போய்ப் பூஞ்சை பிடிக்கும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடித்தாலும், மேலே பெய்தால் ஓடை சட்டென்று ஏறும்.

கேள்வி: ட்ரவுட் குஞ்சை வாங்கி வந்து பவானிசாகரில் விட்டா வளருமுங்களா?
– வாசகர், சத்தியமங்கலம்

பதில்: வளராது. குந்தா ஓடைத் தண்ணீரும் பவானியில் சேர்ந்து அங்கேதான் வருகிறது. ஆனால் மலையிறங்கும்போதே சூடேறிவிடும், சூடேறினால் தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். அணையில் இருக்கும் கட்லாவும் ரோகுவும் அந்தச் சூட்டுக்கான மீன்கள். ட்ரவுட் குஞ்சு மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள்ளேயே பையில் மிதந்துவிடும்.