378-இல் தேடினால் கிடைக்காது

கேள்வி: எங்கள் கடையில் மூன்று படிகளில் ரசீது அடிக்க இன்றும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையே பயன்படுத்துகிறோம். புதிய கணினியில் பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர்களை இணைக்கும் 25 பின் வாய்) இல்லாததால் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். லினக்ஸ் வகையான உபுண்டுவில், பிரிண்டரைக் குறிக்கும் 'எல்பி0' என்ற சாதனக் கோப்பே தோன்றவில்லை. பழைய குறிப்பு ஒன்றில் கண்டபடி முகவரியை 378 என்று கொடுத்தும் பயனில்லை. கார்டு பழுதா?
- வாசகர், திருப்பூர்

பதில்: கார்டு நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 378 என்பது மதர்போர்டிலேயே அமைந்த போர்ட்டுக்குப் பழைய பிசி காலத்திலிருந்து வழங்கிவரும் முகவரி. தனியாகச் செருகும் கார்டுக்கோ, கணினி எழும்பும்போதுதான் முகவரி ஒதுக்கப்படுகிறது.

அந்த முகவரியை 'எல்எஸ்பிசிஐ -வி' கட்டளை காட்டும். பட்டியலில் கார்டே இல்லையென்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கார்டைக் கழற்றி வேறொரு ஸ்லாட்டில் அழுத்திப் பொருத்துங்கள். கார்டு இருந்தால், அதன்கீழ் 'ஐ/ஓ போர்ட்ஸ் அட்' எனத் தொடங்கும் வரிகளையும், கடைசியில் உள்ள 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' வரியையும் பாருங்கள் (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையநிரல்). டிரைவர் பெயர் இருந்தும் எல்பி0 இல்லையென்றால் பிரிண்டருக்கான டிரைவரை ஏற்ற 'மோட்புரோப் எல்பி' என்று கொடுத்தாலே பெரும்பாலும் போதும். சீரியல் போர்ட்டும் சேர்ந்த கார்டாக இருந்தால் அதற்குரிய டிரைவர், பேரலல் போர்ட்டுக்கு வழக்கமான பார்போர்ட்_பிசி அன்று, பார்போர்ட்_சீரியல்.

டிரைவர் வரியே இல்லாதபோதுதான் முகவரியை நாமே கொடுக்க வேண்டும். உதாரணமாக, 'ஐ/ஓ போர்ட்ஸ் அட்' வரிகளில் 3010, 3000 என்று இரண்டு முகவரிகள் இருந்தால், பார்போர்ட்_பிசியை ஏற்றும்போது 'ஐஓ' என்பதற்கு 0எக்ஸ்3010, 'ஐஓ_ஹெச்ஐ' என்பதற்கு 0எக்ஸ்3000, 'ஐஆர்க்யூ' (இன்டரப்ட் எண்) என்பதற்கு 'நன்' (எதுவுமில்லை) என்று கொடுங்கள். பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். விட்டால், முதல் முகவரியோடு பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்ணில் 400-ஐக் கூட்டி, கார்டுக்குச் சொந்தமில்லாத இடத்தை டிரைவர் தொட நேரும். இன்டரப்ட் (கார்டு தானே கணினியை அழைக்கும் குறி) இல்லாமல், கணினியே அவ்வப்போது நிலையைக் கேட்டறியும் போலிங் முறையில் இயங்குவது பிரிண்டருக்குக் குறையாகாது.

இங்கே புதிய கணினிகளில் மட்டும் ஒரு தடை உண்டு. செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் கொண்டு கணினியை எழுப்பும் பாதுகாப்பு) இயங்கும் உபுண்டுவில், வன்பொருள் முகவரியைக் கையால் கொடுப்பதைக் கெர்னல் மறுத்துவிடும்; கெர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெசேஜ்' பதிவில் 'லாக்டவுன்' என்ற சொல்லுடன் அந்த மறுப்பைக் காணலாம். அப்படியானால், பயாஸ் அமைப்பில் செக்யூர் பூட்டை நிறுத்தாமல் இந்த வழி பலிக்காது. பாதுகாப்பில் ஒன்றை விட்டுக்கொடுக்கும் முடிவு இது என்பதால், கெர்னல் தானாகவே அறிந்துகொள்ளும் சிப் உள்ள கார்டுக்கு மாற்றிக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.

எல்பி0 தோன்றியதும், லினக்ஸின் அச்சு நிர்வாக மென்பொருளான கப்ஸில் பிரிண்டரைச் சேர்க்குமுன், ரூட் (நிர்வாகி) உரிமையோடு இரண்டு வரி எழுத்தை நேரே அந்தக் கோப்புக்கு அனுப்பிப் பாருங்கள். இரண்டாவது வரி இடது ஓரத்துக்குத் திரும்பாமல், முதல் வரி முடிந்த இடத்துக்கு நேர்கீழே படிக்கட்டுபோல் தொடங்கினால் கவலை வேண்டாம்: லினக்ஸ் வரிமுடிவில் கேரேஜ் ரிட்டர்ன் குறியை (வரியின் தொடக்கத்துக்குத் திரும்பச் சொல்வது) அனுப்பாததால் வருவது அது, போர்ட் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. மாறாக, பதிவில் 'எல்பி0 ஆன் ஃபயர்' என்று வந்தால் எங்கும் தீப்பிடித்துவிடவில்லை. காகிதமும் இணைப்பும் சரியாக இருக்க, 15-ஆம் பின்னில் மட்டும் பிழைக்குறி வருகிறது என்பதே பொருள். பிரிண்டரில் பிழை விளக்கு எரியவில்லையென்றால், கேபிளின் 25 பின் முனையைத் திருகு இறுக்கிப் பொருத்திவிட்டு மீண்டும் அனுப்புங்கள்.