மூன்றாவது ஆசிரியர்

அன்புள்ள ஐயா,

பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள், கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை. பள்ளியில் 62 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். அவர்களிலும் ஒருவர் கூட்டம், பயிற்சி என்று அடிக்கடி போய்விடுகிறார். நகையை அடகு வைத்தாவது ஜூனில் டவுன் மெட்ரிக் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 62 என்ற எண். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3 பேர். உங்கள் பள்ளிக்கு இன்னொருவர் வர வேண்டும். இருக்கும் இருவரில் ஒருவர் வெளியே போன அன்று, மற்றவர் ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் சத்தம் போடாமல் உட்காரவைத்தாலே பெரிய காரியம். பாடம் எங்கே நடக்கும்? மகளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று தயவுசெய்து முடிவுகட்டிவிடாதீர்கள்.

ஆசிரியர் பணியிடங்களை ஆகஸ்ட் 1 நிலவரப்படியான மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். அன்றைக்கு 60 என்று இருந்தால் மூன்றாவது ஆசிரியரைக் கேட்கவே முடியாது. ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிறவர்கள் எத்தனை, ஒன்றாம் வகுப்பில் சேர்கிறவர்கள் எத்தனை என்று இப்போதே கணக்குப் பாருங்கள். உங்கள் மகள் போனாலும் அதில் ஒன்று குறையும். உங்களைக் கட்டிப்போட இதைச் சொல்லவில்லை. பள்ளியைக் காப்பாற்ற உங்கள் மகளின் படிப்பைப் பணயம் வையுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கேட்பதைக் கேட்டுவிட்டுப் போகலாமே.

கேட்க வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வரும் தாய்மார்கள்தான் பல ஊர்களில் உறுப்பினர்கள். அவர்களிடம் போய்ப் பேசுங்கள். இத்தனை பிள்ளைகள், இத்தனை ஆசிரியர்கள், சட்டப்படி இத்தனை பேர் வேண்டும் என்று மூன்று வரியில் தீர்மானம் போதும். வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், முதன்மைக் கல்வி அலுவலருக்கு நகல் அனுப்புங்கள். மே 1 கிராம சபையிலும் எழுப்புங்கள். தலைமை ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். புது ஆள் வந்தால் அவருக்குத்தான் பெரிய நிம்மதி.

ஆள் வரும்வரை பிள்ளை காத்திருக்க முடியாது. இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தினமும் அரை மணி நேரம் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கூச்சமே வேண்டாம், விட்ட இடத்திலிருந்துதான் பிடிக்க வேண்டும்.

அப்படியும் மாற்ற வேண்டியிருந்தால், வேறு அரசுப் பள்ளியையும் உதவி பெறும் பள்ளியையும் முதலில் பாருங்கள். கும்பகோணத்தில் பழைய உதவி பெறும் பள்ளிகள் உண்டு. மாற்றுச் சான்றிதழைத் தலைமை ஆசிரியர் உடனே தர வேண்டும். அது தாமதமானால்கூட அந்தப் பள்ளிகள் சேர்க்க மறுக்கக் கூடாது.

மெட்ரிக் பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். தனியார் பள்ளிகளின் 25 சதவீத இலவச ஒதுக்கீடு எல்கேஜி அல்லது ஒன்றாம் வகுப்பில் சேரும்போது மட்டும்தான். உங்கள் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள், முழுக் கட்டணம்தான். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவைக்கு உழவு, விதை, நடவு என்று பணம் தேவைப்படும் அதே மாதத்தில்தான் பள்ளிக் கட்டணமும் வேன் காசும் வந்து நிற்கும். இந்த வருஷம் நகை இருக்கிறது, அடுத்த வருஷம்? பணம் கட்டும் முன் அங்கே நான்காம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது அழைத்து, பார்த்திராத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அங்கீகாரம் இருக்கிறதா, மாடிப்படி எத்தனை அகலம், கூரை எதனால் ஆனது என்றும் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். நம் பக்கத்துப் பெற்றோர் இதைக் கேட்கத் தயங்கவே கூடாது.

இன்னொன்று. இப்போது எங்கே சேர்த்தாலும் ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்குத் திரும்பிவிடப் பாருங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், கல்லூரிக் காலத்தில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் 6 முதல் 12 வரை எங்கே படித்தாள் என்றுதான் பார்க்கின்றன.

தீர்மானத்தை எழுதுவதில் சிக்கல் இருந்தால் எனக்கு எழுதுங்கள், வரைவு அனுப்புகிறேன்.