கத்தாமல் வகுப்பெடுக்க முடியுமா? கேள்வி பதில்

மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், இங்குள்ள தமிழர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

டீச்சர், நான் உள்ளே போய்ப் பத்து நிமிஷம் ஆனாலும் சத்தம் அடங்குவதில்லை. மேசையைத் தட்டித் தட்டிக் கை வலிக்கிறது. (ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, சயான்)

தட்டுவதை முதலில் விடுங்கள். மேசைச் சத்தம் கேட்டால்தான் அடங்க வேண்டும் என்று பிள்ளைகள் பழகிவிட்டார்கள். நீங்கள் வருகைப்பதிவு எடுக்கும்போது அவர்களுக்கு என்ன வேலை? ஒன்றும் இல்லை. அதனால்தான் பேச்சு. மணி அடிக்கும் முன்பே கரும்பலகையில் இரண்டு கணக்கு இருக்கட்டும். வந்ததும் நோட்டைத் திறந்து போட வேண்டும். முதல் வாரம் பாதிப் பேர் கண்டுகொள்ள மாட்டார்கள். விடாமல் தினமும் எழுதிப் போடுங்கள்.

அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து, 1970-இல் முடிவுகளை வெளியிட்டார். சேட்டை நடந்தபின் கண்டிக்கும் விதத்தில் நல்ல ஆசிரியருக்கும் திணறுபவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். சேட்டைக்கு இடமே வராமல் பாடத்தைத் தொய்வின்றி நடத்துவதிலும், மூலை முடுக்கெல்லாம் கண் வைத்திருப்பதிலும்தான் வித்தியாசம். பயிற்சிக் கல்லூரியில் இதை அழுத்திச் சொல்லாமல் தண்டனையைப் பற்றியே பேசுகிறார்கள் என்பது என் வருத்தம்.

கடைசி பெஞ்சில் ஒரு பையன். திட்டினால் வகுப்பே சிரிக்கிறது. (ஆறாம் வகுப்பு ஆசிரியர், தாராவி)

அந்தச் சிரிப்புதான் அவனுக்கு வேண்டும், தம்பி. பாடத்தை நிறுத்தாமல் பேசிக்கொண்டே போய் அவன் பக்கத்தில் நில்லுங்கள். புத்தகத்தில் வரியை விரலால் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். மற்றதைத் தனியாகப் பேசலாம்.

இன்னொன்று. அவனுக்கு வாசிக்க வருகிறதா என்று பாருங்கள். வீட்டில் நெல்லைத் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் பாடத் தமிழோடு மராத்தியும் ஆங்கிலமும். இதில் எழுத்தே பிடிபடாமல் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளை, 'எழுந்து வாசி' என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் கலாட்டா செய்வான். பலகை சரியாகத் தெரிகிறதா என்றும் கேளுங்கள்.

நாங்கள் அடி வாங்கித்தானே படித்தோம்? ஒரு அடி போட்டால் என்ன? (ஒரு அப்பா, செம்பூர்)

சட்டம் விடாது, ஐயா. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவு, அடியையும் மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் வேண்டாம் என்பேன். பிரம்புக்கு அடங்கிய வகுப்பு, சார் வெளியே போனதும் என்ன செய்தது என்று உங்களுக்கே நினைவிருக்குமே!

எதைக் கேட்டாலும் அதே மூன்று பேர்தான் கை தூக்குகிறார்கள். (டியூஷன் எடுப்பவர், முலுண்ட்)

கேள்வியைக் கேட்டுவிட்டு மூன்று விநாடி சும்மா இருங்கள். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே காட்டினார். பொறுத்தால் பதில் நீள்கிறது, பேசாத பிள்ளையும் வாய் திறக்கிறது. பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். முதலிலேயே 'முருகா' என்றால் மற்றவர்களுக்கு விடுமுறைதான்.

ஒரே அறையில் ஐம்பது பேர் இருந்தால்? (ஏழாம் வகுப்பு ஆசிரியை, தாராவி)

ஆறு முதல் எட்டு வரை ஆசிரியருக்கு 35 பேர் என்பது அதே கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். அதுவரை, கடைசி வரிசைவரை நடக்க வழி விட்டு பெஞ்சுகளைப் போடுங்கள். நோட்டு வசூலிக்க வரிசைக்கு ஒருவர். ஜூலை மழையில் பாதிப் பேர்தான் வருவார்கள். அன்று புதுப் பாடம் வேண்டாம், வாசிக்கத் திணறுபவர்களை முன்னால் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.