ஆங்கிள் கிரைண்டர்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

பாலக்கோடு, வெல்டிங் பட்டறை: அண்ணா, ஏஜி4 (4 இஞ்ச் வீல் போடுற ஆங்கிள் கிரைண்டர்) மெஷின்ல கார்டை (வீலை மூடுற தகடு) கழட்டிட்டு 5 இஞ்ச், 7 இஞ்ச் வீல் கூட மாட்டுறாங்க. நல்லாத்தானே ஓடுது?

உடையும் வரைக்கும் நல்லாத்தான் ஓடும். கணக்கைப் பாருங்க. ஏஜி4 நிமிஷத்துக்கு 11,000 சுற்று வரை சுத்தும். 7 இஞ்ச் வீலில் அதிகபட்சம் 8,500 சுற்றுன்னு அச்சிட்டிருக்கும். அந்த வேகத்தில் வீல் விளிம்பு வினாடிக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர் ஓடுது. அதையே 11,000 சுற்றில் ஓட்டினா விளிம்பு வேகம் 104 மீட்டரைத் தொடும். வீலைப் பிய்த்து எறியும் விசை வேகத்தின் இருமடியாக ஏறும் என்பதால், அது கிட்டத்தட்ட 1.7 மடங்காகிடும்.

5 இஞ்ச் வீலுக்கு 12,250 சுற்று வரை அனுமதி உண்டு, வேகம் பிரச்சினை இல்லை. ஆனா அதன் நடு ஓட்டை 22.23 மி.மீ., ஏஜி4-க்கு வேண்டியது 16 மி.மீ. நடுவில் உட்காராத வீல் ஆடும், ஆடுற வீல் விரியும். அந்தத் துண்டு உங்க முகத்துக்கு வராம தடுக்க இருந்தது கார்டு ஒண்ணுதான், அதையும் கழட்டியாச்சு. 5 இஞ்ச் வேலை இருந்தா 5 இஞ்ச் மெஷின் வாங்குங்க. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காரிமங்கலம்: வீல் மாட்டும்போது நட்டை எந்தப் பக்கம் திருப்பிப் போடணும்?

முதலில் பிளக்கைப் பிடுங்குங்க. சுவிட்சை அணைத்தா மட்டும் போதாது. உள் ஃபிளாஞ்சை (வீலுக்கு அடியில் வர்ற வட்டத் தட்டு) துணியால் துடைத்து ஸ்பிண்டிலில் (வீலைச் சுத்துற தண்டு) போடுங்க. ஒட்டியிருக்கும் ஒரு சின்ன இரும்புத்தூள் கூட வீலைச் சாய்க்கும். வீல் ஃபிளாஞ்சின் மேட்டில் அசையாம உட்காரணும். நட்டின் ஒரு முகம் மேடா, ஒரு முகம் தட்டையா இருக்கும். 6 மி.மீ. கிரைண்டிங் வீலுக்கு மேடான முகம் வீலைப் பார்க்கணும். 1 முதல் 3 மி.மீ. கட்டிங் வீலுக்குத் தட்டை முகம் வீலைப் பார்க்கணும். மாத்திப் போட்டா வீல் இறுகாது. ஸ்பிண்டில் லாக்கை (தண்டு சுத்தாம பிடிக்கிற பொத்தான்) அழுத்திக்கிட்டு ஸ்பேனரால் இறுக்குங்க, சுத்தியலால் தட்ட வேண்டாம். மெஷின் சுத்தும்போது லாக்கைத் தொட்டா கியர் பல் போகும்.

புது வீலைக் கார்டு உங்க பக்கம் இருக்கும்படி பிடித்து, ஆளில்லாத திசையில் ஒரு நிமிஷம் சும்மா ஓட விடுங்க. அதிர்ந்தா கழட்டிப் போட்டுடுங்க.

ஓசூர், ஃபேப்ரிகேஷன்: ஸ்கொயர் பைப் அறுக்கும்போது வீல் மாட்டிக்கிட்டு மெஷின் எகிறுது.

பைப்பின் இரண்டு முனையிலும் கட்டை வைத்து நடுவில் அறுக்கிறீங்க, அதான் காரணம். அறுக்க அறுக்க நடு தொங்கும், வெட்டுவாய் மூடி வீலைக் கவ்வும். வெட்டுக்கு ஒரு பக்கம் சி-கிளாம்ப் போட்டு, மறுபக்கத் துண்டு கீழே தொங்கட்டும். அப்போ வாய் விரியும், மூடாது. நீளத் தகடா இருந்தா வெட்டின் இரு பக்கமும் ஒட்டியே தாங்கல் கொடுங்க. பக்கக் கைப்பிடி இல்லாம பிடிக்கவே கூடாது. வீலுக்கு நேர்கோட்டில் நிற்காம ஓரமா நில்லுங்க. மாட்டிக்கிட்டா அணைத்து, முழுசா நின்றபின் எடுங்க. மறுபடி ஆன் பண்ணும்போது வீல் வெட்டுக்குள் இருக்கக் கூடாது, வெளியே முழு வேகம் வந்தபின் உள்ளே இறக்குங்க. கட்டிங் வீலின் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கிற பழக்கமும் வேண்டாம். அதுக்கு அந்த பலம் கிடையாது.

பர்கூர், கிரானைட் வேலை: சிங்க் கட்டிங்குக்கு (சிங்க் உட்கார கல்லில் ஓட்டை அறுக்க) மூக்கில் துண்டு கட்டினா போதுமா அண்ணா?

போதாது தம்பி. கிரானைட்டில் குவார்ட்ஸ் (சிலிக்காக் கனிமம்) பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் குறையாது. அந்தத் தூளில் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள்தான் நுரையீரல் அடிவரை போய் சிலிகோசிஸ் (நுரையீரல் தழும்பேறுற நோய்) கொண்டுவருது. வந்தா குணமாகாது. துணி அதை வடிகட்டாது. முகத்தில் இடைவெளி இல்லாம ஒட்டுற என்95 மாஸ்க் குறைந்தபட்சம். அதுக்கு முன்னாடி தூள் கிளம்பாம பாருங்க. சாதாரண ஏஜி4-க்குத் தண்ணீர் ஆகாது, மோட்டாருக்குள் போய் ஷாக் அடிக்கும். தண்ணீர்க் குழாயோடு வரும் கட்டர்தான் சரி, அதையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற சுவிட்ச்) வழியா எடுங்க.

மார்பிள் கட்டரின் 110 மி.மீ. டைமண்ட் பிளேடை ஏஜி4-ல் போடுறதும் தப்பு. ஓட்டை 20 மி.மீ., கார்டுக்குள்ளும் அடங்காது. பிளேடு அறுக்காம வழுக்கினா அழுத்தாதீங்க, மழுங்கிப் பளபளப்பாகி இருக்கும். மெத்தென்ற செங்கல்லில் நாலைந்து வெட்டு போட்டா வைரம் வெளியே வரும்.

போச்சம்பள்ளி, மாந்தோப்பு: கவாத்துக்குப் பல் வைத்த மர பிளேடு ஏஜி4-க்குக் கிடைக்குது. வாங்கலாமா?

வாங்காதீங்க ஐயா. பல் பச்சை மரத்தைக் கவ்வினதும் மெஷின் கையை உதறிட்டு கழுத்துக்கோ தொடைக்கோ பாயும். கைரம்பமோ பவர் சாவோ எடுங்க. மரத்தின் வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைத் தடுப்புப் பசை) பூச மறக்காதீங்க.

அரூர்: உள்ளே நீலப் பொறி பறக்குது, தலைப்பகுதி கை வைக்க முடியாம சுடுது.

இரண்டும் தனித்தனி. பொறிக்கு முதலில் கார்பன் பிரஷை (மோட்டாரின் சுத்துற பகுதிக்குக் கரண்ட் கொடுக்கிற கரித்துண்டு) பாருங்க. நீளம் 5 மி.மீ.க்கு வந்திருந்தா இரண்டையும் சேர்த்தே மாத்துங்க. ஒண்ணை மட்டும் மாத்தினா அழுத்தம் ஒருபக்கமாகும். புது பிரஷ் போட்டு பத்து நிமிஷம் லோடு இல்லாம ஓட்டினா அது கம்யூட்டேட்டரின் (பிரஷ் உரசுற செம்பு வளையம்) வளைவுக்குப் படியும். அதுக்கப்புறமும் கம்யூட்டேட்டரைச் சுத்தி வளையமா நெருப்பு ஓடினா ஆர்மேச்சர் (மோட்டாரில் சுத்துற கம்பிச்சுருள் பகுதி) ஷார்ட்.

தலை சுடுறது கியர் கிரீஸ் காய்ந்ததாலோ, அளவுக்கு மீறித் திணித்ததாலோ. பழசைத் துடைத்து, கியர் அறையில் பாதிக்கு மேல் போகாம கியர் கிரீஸ் வையுங்க. நிரப்பினா சூடேறி மோட்டார் பக்கம் கசியும். மூச்சு ஓட்டைகளில் இரும்புத்தூள் அடைத்திருந்தாலும் இதே கதைதான், வாரம் ஒருமுறை ஊதிவிடுங்க.

பென்னாகரம்: தோட்டத்தில் 30 மீட்டர் வயர் இழுத்து ஓட்டுறேன், இழுவை இல்லை.

வோல்டேஜ் வயரிலேயே விழுது. ஏஜி4-க்கு 1.5 சதுர மி.மீ., 2,200 வாட் ஏஜி9-க்கு (9 இஞ்ச் மெஷின்) 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், 16 ஆம்ப் பிளக். சுருட்டி வைத்தபடி ஓட்டாதீங்க, வயர் உருகும். பொறி வைக்கோல் போர் பக்கம் போகாத மாதிரி திரும்பி நில்லுங்க.

காவேரிப்பட்டணம்: காலி தின்னர் டிரம்மை மாட்டுத் தொட்டிக்கு அறுக்கலாமா?

கூடாது. காலி டிரம்மில் இருக்கிற ஆவிதான் வெடிக்கும். தண்ணீர் விட்டுக் கழுவினாலும் மடிப்பில் தங்கும். சிமென்ட் தொட்டி வாங்குங்க.

மத்தூர்: போன மழைக்கு நனைந்த கட்டிங் வீல் காய்ந்தா ஓட்டலாமா?

வேண்டாம், பசை தளர்ந்திருக்கும். நனையாததுக்கும் ஆயுள் உண்டு. நடு வளையத்தில் மாசமும் வருஷமும் அச்சாகி இருக்கும், அதைத் தாண்டினா உடைத்துக் குப்பையில் போடுங்க. மிச்சத்தைத் தட்டையா அடுக்கி உலர்ந்த இடத்தில் வையுங்க.