கலந்தால்தான் குப்பை

வாசகர் கேள்வி – பதில்

வீட்டுக் கழிவு, தண்ணீர், ஆலை மாசு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

பெயின்ட் வாளியில் காய்கறிக் கழிவைப் போட்டு உரம் தயாரிக்க இரண்டு முறை முயன்றேன். ஒரே வாரத்தில் நாற்றம், பத்தாம் நாள் புழு. மாமியார் வாளியோடு கொண்டுபோய்க் கொட்டிவிட்டார். எங்கே தப்பு? – வாசகி, மன்னார்குடி

காய்ந்த சருகு போதவில்லை. பெரும்பாலான வாளிகள் நாறுவது இதனால்தான்.

காய்கறித் தோலிலும் பழத் தோலிலும் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை மட்டும் வாளியில் போட்டால் இரண்டு நாளில் நசுங்கிக் கூழாகும். காற்று போக வழியிருக்காது. காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாக்கள் வேலையை எடுத்துக்கொள்ளும். அந்த நாற்றம் அவற்றுடையது. மக்கவைக்கும் நல்ல நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 1 பங்கு என்றால் கரிமம் (கார்பன்) 25 முதல் 30 பங்கு வேண்டும். சமையலறைக் கழிவில் கரிமம் குறைவு. அதை ஈடுகட்டத்தான் சருகு, தேங்காய் நார்த்தூள், கிழித்த அட்டைப்பெட்டி எல்லாம். ஒரு கிண்ணம் கழிவு போட்டால் அதே கிண்ணத்தால் ஒன்றரைக் கிண்ணம் சருகு போடுங்கள். தர்பூசணித் தோலோ பூசணிக் குடலோ விழுந்த நாளில் இரண்டு கிண்ணம்.

20 லிட்டர் வாளி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் பத்து ஓட்டை, பக்கவாட்டில் நான்கு விரல் இடைவெளியில் சுற்றிலும் ஓட்டை; ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டர் இருந்தால் போதும். பிளம்பரிடம் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. வாளியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, கீழே ஒரு பழைய தட்டு வையுங்கள். அடியில் மூன்று அங்குலத்துக்குச் சருகு. அதன் மேல் ஒரு கை பழைய உரமோ சாணமோ. இரண்டும் கிடைக்காவிட்டால் ஒரு கரண்டி புளித்த மோர். தினமும் கழிவைப் பொடியாக நறுக்கிப் போட்டு, ஈரம் கண்ணில் தெரியாதபடி சருகால் மூடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை குச்சியால் கிளறுங்கள்.

ஈரம் சரியா என்று பார்க்க, கலவையில் ஒரு கை எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி. ஒழுகினால் சருகு சேருங்கள். உதிர்ந்துபோனால் தண்ணீர் தெளியுங்கள். நாற்றமே இல்லாமல், ஆனால் மாதக்கணக்கில் எதுவும் நடக்காமல் கிடக்கும் வாளிகள் காய்ந்துபோனவை. மூக்கை அரிக்கும் அமோனியா நெடி வந்தால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது. அட்டையைக் கிழித்துப் போட்டுக் கிளறினால் இரண்டு நாளில் அடங்கும்.

தடித்த, பழுப்பு நிறப் புழு என்றால் அது பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் புழு. வீட்டு ஈயைப்போல் சோற்றில் வந்து உட்காராது. கழிவைத் தின்று உங்கள் வேலையைத்தான் குறைக்கிறது. கோழி வளர்ப்பவர் பக்கத்தில் இருந்தால் விரும்பி வாங்கிப் போவார். சிறிய வெள்ளைப் புழு வீட்டு ஈயுடையதாக இருக்கலாம். மேலே மூடிய சருகு போதவில்லை என்று பொருள். எப்படியும் வாளியை மொட்டை மாடிக்கு மாற்றிவிடுங்கள். மாமியாருக்கும் நிம்மதி.

மீன், கறி, எலும்பு வேண்டாம், எலி வரும். மிஞ்சிய சோறு, குழம்பைப் பிழிந்து நாளுக்கு ஒரு கைப்பிடி போடலாம். அதற்கு மேல் போனால் உப்பும் எண்ணெயும் சேரும். எலுமிச்சைத் தோலை நறுக்கிப் போட்டால் மக்கும். தேங்காய் ஓடு மக்காது. மாங்கொட்டையும் மக்காது, வாளிக்குள்ளேயே முளைத்துவிடும்.

நாளுக்கு அரைக் கிலோ கழிவு வரும் வீட்டில் ஒரு வாளி சுமார் ஒரு மாதத்தில் நிறையும். அதைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள். முதல் வாளியை வாரம் ஒருமுறை கிளறிக்கொண்டே 45 முதல் 60 நாள் விடுங்கள். ஒரு கை உரத்தை பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி, மூன்று நாள் கழித்துப் பிரித்து மோந்து பாருங்கள். மழை பெய்த மண் வாசனை வந்தால் தயார். புளிப்பு வாடை வந்தால் இன்னும் ஆகவில்லை. அப்படியே போட்டால் வேர் கருகும். தொட்டிக்கு மூன்று பங்கு மண், ஒரு பங்கு உரம்.

கடையில் ‘மக்கும் பை’ என்று அச்சிட்ட பச்சைக் கவர் தருகிறார்கள். அதையும் இந்த வாளியில் போடலாமா? – வாசகர், நாகர்கோவில்

போடாதீர்கள். அந்தக் கவர்கள் மக்குவதைச் சோதிக்கும் தரம், சுமார் 58 டிகிரி வெப்பத்தில் மாதக்கணக்கில் இயங்கும் பெரிய உரக்கூடத்தை வைத்து எழுதப்பட்டது. வீட்டு வாளி அந்தச் சூட்டை எட்டாது. பழைய பிளாஸ்டிக்கோடு போட்டாலும் கெடுதல்தான். உருக்கும்போது மொத்தச் சரக்கின் தரமும் கெடும். துணிப்பை கொண்டுபோவதே லாபம்.

சாயப்பட்டறையை மூடினால் வேலை போகிறது, திறந்தால் ஆறு போகிறது. சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தபோதே நொய்யல் எப்படிக் கெட்டது? – வாசகர், ஈரோடு

உப்பால். சாயக் கழிவு என்றதும் எல்லோரும் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். உப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

தண்ணீரில் நனைந்த பருத்தி நூலுக்கும் ரியாக்டிவ் சாயத்துக்கும் ஒரே வகை மின்னேற்றம், ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கொட்டினால்தான் அந்தத் தள்ளல் தணிந்து சாயம் நூலில் ஏறும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்களுக்கு லிட்டருக்கு 60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் சாயத் தண்ணீர் பிடித்தால் உப்பு 480 கிராம். ஒரு கிலோ துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு! 200 கிராம் எடையுள்ள கறுப்பு டீ-சர்ட் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 100 கிராம். வேலை முடிந்ததும் துணியில் உப்பு தங்காது. கழுவிய தண்ணீரில் முழுவதும் வெளியே வந்துவிடும். கூடவே ஒட்டாத சாயமும் வரும். நூறு பங்கில் 60 முதல் 80 தான் நூலில் நிலைக்கும்.

பழைய சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தைப் படியவைத்தார்கள். மிச்சத்தை பாக்டீரியா தின்றது. தண்ணீர் தெளிந்தது. ஆனால் கரைந்த உப்பைச் சுண்ணாம்பும் படியவைக்காது, பாக்டீரியாவும் தின்னாது. ஆற்றில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு கூடாது என்பது விதி. சாயக் கழிவு அதைப் பல மடங்கு தாண்டும். பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் குளமானது இப்படித்தான். அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலம் உவர் தட்டியது, கிணறுகள் கரித்தன.

2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்றது. நடக்காததால் 2011 ஜனவரியில் திருப்பூர்ப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகுதான் முழு மறுசுழற்சி முறை வேகம் பிடித்தது. பாக்டீரியா தொட்டி, வடிகட்டி, பிறகு தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கும் ஆர்.ஓ. சவ்வு. தண்ணீரில் பெரும்பகுதி சுத்தமாகி மீண்டும் சாயத்துக்கே போகிறது. மிஞ்சும் கெட்டியான உப்புநீரை ஆவியாக்கி, குளிரவைத்து, சாயமேற்றப் போட்ட சோடியம் சல்பேட் உப்பைப் படிகமாக எடுக்கிறார்கள். அதுவும் சாயத் தொட்டிக்கே திரும்பும்.

சிக்கல் கடைசிக் கட்டத்தில். சாதா உப்பையும் சோடியம் சல்பேட்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் பட்டறைகளின் கழிவு ஒன்றாகச் சேர்ந்தால் இரண்டையும் பிரிப்பது கடினம். சாயத் துணுக்கும் தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியம், மக்னீசியமும் கலந்த ‘மிக்ஸ்டு சால்ட்’ மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் குவிகிறது; வாங்க ஆளில்லை. பட்டறைகள் ஒரே வகை உப்பை மட்டும் பயன்படுத்தினால் இந்த மூட்டைகள் வெகுவாகக் குறையும். சவ்வில் சிலிக்கா படிவது, ஆவியாக்கும் குழாய்களில் காரை கட்டுவது இரண்டும் அன்றாடத் தொல்லைகள். மாதம் தவறாமல் கழுவாத நிலையத்தில் மின்கட்டணம் ஏறும். ஏறும்போதுதான் ராத்திரியில் வால்வைத் திறக்கும் ஆசை வரும். ஆவியாக்கும் கொதிகலனுக்கு விறகோ நிலக்கரியோ எரிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆற்றுக்குப் போகாத சுமையில் ஒரு பங்கு புகையாகப் போகிறது. அப்படியிருந்தும், ஆற்றைப் பலி கொடுத்ததைவிட இது எவ்வளவோ மேல்: செலவு, துணி விற்றுச் சம்பாதிப்பவர் கணக்கில் விழுகிறது, ஆற்றின் கீழ்ப்பக்கம் தென்னை வைத்தவர் கணக்கில் அல்ல.

வீட்டு ஆர்.ஓ. மெஷின் வெளியே விடும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா? – வாசகி, மதுரை

சாயப்பட்டறைக் கணக்கேதான், சின்ன அளவில். 3 லிட்டர் உள்ளே போய் 1 லிட்டர் குடிநீராகவும் 2 லிட்டர் கழிவாகவும் வந்தால், 3 லிட்டரின் உப்பு ஏறக்குறைய முழுவதும் அந்த 2 லிட்டரில் இருக்கும். உங்கள் தண்ணீரின் டி.டி.எஸ். (லிட்டரில் கரைந்த உப்பு, மில்லிகிராமில்) 900 என்றால் கழிவு சுமார் 1,350. தென்னைக்கு ஊற்றலாம், ரோஜா, அவரைக்கு வேண்டாம். போர் தண்ணீர் 1,800 என்றால் கழிவு 2,700. அதைக் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் மட்டும் வையுங்கள். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்தாலோ இலை நுனி கருகினாலோ அன்றே நிறுத்திவிட்டு நல்ல தண்ணீர் விட்டு மண்ணை அலசுங்கள்.

அதைவிட முக்கியம், மெஷின் வேண்டுமா என்று பார்ப்பது. டி.டி.எஸ். 500-க்குக் கீழே இருந்தால் உப்புக்காக ஆர்.ஓ. தேவையில்லை, கொதிக்கவைத்தால் போதும். ஆனால் டி.டி.எஸ். மீட்டர் ஃப்ளோரைடைத் தனியாகக் காட்டாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்கள் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

பால் கவர், சிப்ஸ் கவர் இரண்டும் பிளாஸ்டிக்தானே? பழைய பேப்பர் கடைக்காரர் ஒன்றை எடுத்துக்கொள்கிறார், இன்னொன்றை ஏன் தொடுவதில்லை? – வாசகர், சேலம்

பால் கவர் பாலிதீன். உருக்கினால் மறுபடி பாலிதீன். சிப்ஸ் கவரில் பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டிக்கிடக்கின்றன. பிரித்து எடுக்கும் கூலிக்குக் கட்டாது. சிமென்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாகப் போவதுதான் பெரும்பாலும் அதன் முடிவு, அதுவும் காய்ந்திருந்தால். பால் கவரின் மூலையை முழுதாக வெட்டி எடுக்காமல் ஒரு நூலளவு ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். அந்தக் குட்டித் துண்டுதான் சாக்கடையிலும் மாட்டு வயிற்றிலும் போய்ச் சேர்கிறது. கவரை அலசிக் கொடியில் கவிழ்த்துக் காயவையுங்கள்.

எங்கள் செப்டிக் டேங்க் 12 வருடமாக நிறையவே இல்லை. லாரி கூப்பிட்டதே கிடையாது. நல்ல டேங்க் என்றுதானே அர்த்தம்? – வாசகர், திண்டுக்கல்

பெரும்பாலும் நேர்மாறு. ஒழுங்கான டேங்கில் வெளியேறும் குழாயின் மட்டம் வரை எப்போதும் தண்ணீர் நிற்கும். பயன்படுத்தத் தொடங்கிய சில வாரங்களிலேயே அந்த மட்டத்துக்கு வந்துவிடும். உங்களுடையதில் நீர்மட்டம் குழாய்க்குக் கீழே கிடந்தால் அடித்தளமோ சுவரோ கசிகிறது, அல்லது தளமே போடவில்லை. மூடியைத் திறந்து தள்ளி நின்று பாருங்கள். தீக்குச்சி, பீடி பக்கத்தில் வேண்டாம். யாரையும் உள்ளே இறக்கவே கூடாது. அந்த வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்க்கும். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

கிணறோ போரோ 15 மீட்டருக்குள் இருந்தால் அந்தத் தண்ணீரில் நைட்ரேட்டும், மலம் கலந்திருப்பதைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியாவும் சோதியுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். கொதிக்கவைத்தாலும் நைட்ரேட் போகாது. டேங்கைக் காலிசெய்து, தளத்தையும் உள்சுவரையும் பூசிய பிறகு, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சேறு எடுங்கள். உரிமம் உள்ள லாரியா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்று கேளுங்கள். ஓடை என்றால் ஆளை மாற்றுங்கள். கழிப்பறையில் ஆசிட் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். டேங்கில் சேற்றைச் செரிக்கும் பாக்டீரியா அதில் செத்துப்போகும், சேறு சீக்கிரம் ஏறும்.

பழைய செல்போன் பேட்டரி உப்பியிருக்கிறது. குப்பை வண்டியில் போடலாமா? – வாசகி, கோவை

கூடாது. குப்பையை அழுத்தும் லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். அந்தத் தீயைத் தண்ணீர் ஊற்றி அணைப்பதும் லேசல்ல. குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். முனைகளில் செலோ டேப் ஒட்டி, காய்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, அடுப்புக்கும் வெயிலுக்கும் தூரமாக வையுங்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்கும்போது உப்பியது என்று சொல்லிக் கொடுங்கள். மற்ற பேட்டரியோடு சேர்க்காமல் அவர்கள் தனியாக வைக்க வேண்டும்.