1 டைமன் என்று தொடங்கியவரின் இரண்டாவது அழைப்பு எதைச் சொல்ல வேண்டும்?

கும்பகோணத்தில் மாலைவேளைகளில் 28 சீட்டாட்டம் ஆடிப் பழகி, இப்போது பிரிட்ஜ் சீட்டாட்டத்துக்கு வந்திருப்பதாகச் சொல்லும் நீங்கள், ஏலத்தை 1 டைமன் என்ற அழைப்பில் தொடங்கிக் கூட்டாளி 1 இஸ்பேட் சொன்னதும் கையிலிருந்த நான்கு ஆர்ட்டினைக் காட்ட 2 ஆர்ட்டின் சொன்னது சரியா என்று கேட்கிறீர்கள். உங்கள் கை இது: இஸ்பேட்டில் ராஜா, 5, ஆர்ட்டினில் ஏஸ், ஜாக், 4, 3, டைமனில் ராஜா, ராணி, 7, 6, 2, கிளாவரில் 8, 5. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்று கூட்டினால் 13 புள்ளிகள்.

சரியான அழைப்பு 1 நோ டிரம்ப், அதாவது துருப்பு இல்லாமல் ஆடுவது.

முதல் அழைப்பு ஏறத்தாழ 12 முதல் 21 புள்ளி வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதால், அந்த அகலத்தைக் குறுக்குவதே இரண்டாவது அழைப்பின் முதல் வேலை. 15–17 புள்ளிச் சமநிலைக் கையை (நான்கு வகைச் சீட்டும் ஓரளவு சமமாகப் பரவிய கையை) 1 நோ டிரம்ப்பிலேயே தொடங்கும் முறையில், இங்கே 1 நோ டிரம்ப் 12–14ஐயும், 2 நோ டிரம்ப் 18–19ஐயும் குறிக்கும். டைமனையே 2 என்று திரும்பச் சொன்னால் பெரும்பாலும் ஆறு சீட்டும் 15க்கு மேற்படாத பலமும் உண்டு என்று பொருள். 2 ஆர்ட்டினோ, உங்கள் முதல் நிறமான டைமனையே விரும்பும் கூட்டாளியை 3 டைமனுக்கு ஏற்றிவிடுவதால், குறைந்தது 17 புள்ளிகளைக் கோருகிறது. ஆர்ட்டின் மறைந்துபோகுமே என்ற கவலை இயல்பானதுதான். ஆனால் வலுவுள்ள கூட்டாளி அதைப் பின்னர் தேடிக்கொள்ளலாம். 1 நோ டிரம்ப் கேட்டபின், இருவருக்கும் சேர்ந்து சுமார் 25 புள்ளிகள் இருந்தால் கேம் (போனஸ் தரும் உயர்ந்த ஒப்பந்தம்) என்ற கணக்கில், கூட்டாளிகளில் 8 உள்ளவர் நிறுத்திக்கொள்வார், 11 உள்ளவர் 2 நோ டிரம்ப் சொல்லிக் கேமுக்கு வரும்படி உங்களை அழைப்பார், 13 உள்ளவர் கேமை விடமாட்டார்.