ஹெட் கேஸ்கட் மாற்றியும் என்ஜின் ஜாம்: வண்டியைப் பிடித்து வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: எனக்குக் கருங்கல் பக்கம். மனைவி பெயரில் ஒரு சின்ன டெம்போ இருக்கிறது. குளச்சலில் மீன் ஏற்றி திருவனந்தபுரம் போய்வருவேன், நான்தான் டிரைவர். வண்டி ஹீட் ஆகிறது என்று மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று 28,000 ரூபாய் வாங்கி மாற்றினார்கள். துண்டுச் சீட்டில் ‘ஹெட் வேலை’ என்று மட்டும் எழுதித் தந்தார்கள். மூன்றே வாரத்தில் மறுபடி ஹீட் ஏறி, களியக்காவிளையில் என்ஜின் ஜாம். தண்ணி பார்க்காமல் ஓட்டியது என் தப்பு என்கிறார்கள். புது வேலைக்கு 65,000 கேட்டார்கள், நான் சம்மதிக்கவில்லை. இப்போது, என் தம்பி ஆட்டோவுக்குப் பழைய பாக்கி இருக்கிறது, அதைத் தந்தால்தான் வண்டி என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் ‘வண்டியைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று எழுதினால் வழக்கு நிற்காது. செய்ய வேண்டிய எந்த வேலையை அவர்கள் செய்யவில்லை என்று எழுத வேண்டும். அதற்கு முதலில் உங்கள் என்ஜினுக்குள் நடந்தது என்னவென்று பார்ப்போம்.

என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடுதான் கேஸ்கட். எரியும் வாயு, ஆயில், என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணியான கூலன்ட் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அது பெரும்பாலும் தானாகப் போவதில்லை, வண்டி ஹீட் ஏறித்தான் போகும். ஹீட் ஏறியதற்கு வேறொரு காரணம் இருக்கும்: கூலன்ட்டுக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்காமல் ஒட்டியிருக்கலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் ஒழுகலாம், ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் புது கேஸ்கட்டும் போகும். இன்னொன்று, சூடேறிய அலுமினிய ஹெட் வளைந்துவிடும். கழற்றியதும் அதன் அடிப்பரப்பில் நேரான ஸ்டீல் ஸ்கேலை வைத்து, இடையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். வளைவு இருந்தால் லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் செய்த (பரப்பைச் சமமாகச் சீவிய) பிறகே மாட்ட வேண்டும். போல்ட்டுகளையும் கம்பெனி சொன்ன வரிசையில், டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்) வைத்து முறுக்க வேண்டும்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியவை இவை: ஹெட்டை அளந்தார்களா? லேத்துக்கு அனுப்பியிருந்தால் அந்த ரசீது எங்கே? தெர்மோஸ்டாட்டையும் ரேடியேட்டரையும் சோதித்தார்களா? கழற்றிய பழைய கேஸ்கட் எங்கே? பதில் இல்லையென்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சொல்லும் சேவைக் குறைபாடு என்று வாதிட வலுவான அடிப்படை கிடைக்கிறது. சேவைக்கு முறையான பில் தராததையும் அதே சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறையில் சேர்த்திருக்கிறது. அந்தத் துண்டுச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

உங்கள் பக்கத்துப் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனதும் வண்டியை ஓரங்கட்டினீர்களா, ஐஸ் உருகி மீன் கெட்டுவிடும் என்று ஓட்டினீர்களா? எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது இதைத்தான். உண்மையை உங்கள் வக்கீலிடம் முழுதாகச் சொல்லுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தாலும் வழக்கு செத்துவிடாது, இழப்பீடு குறையலாம்.

‘வாடகை வண்டி, வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே அல்ல’ என்றும் சொல்வார்கள். பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோவோ காரோ வாங்குபவர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே, லக்ஷ்மி என்ஜினியரிங் வழக்கில் சொல்லிவிட்டது. வண்டியை நீங்களே ஓட்டுகிறீர்கள், குடும்பம் அதில்தான் பிழைக்கிறது என்பதை மனுவிலேயே தெளிவாக எழுதுங்கள். ஆர்.சி. மனைவி பெயரில் இருப்பதால் இருவரும் சேர்ந்தே மனு கொடுங்கள்.

அடுத்தது, வண்டியைப் பிடித்து வைத்திருப்பது. செய்த வேலைக்குக் கூலி வரும்வரை பொருளைக் கையில் வைத்திருக்கும் உரிமையை இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170 தருகிறது. அந்த வேலைக்கு மட்டும்தான். வேறு பாக்கிக்காகவும் பிடித்து வைக்கும் உரிமை பிரிவு 171-ன்படி வங்கி போன்ற சிலருக்கே உண்டு, மெக்கானிக் அந்தப் பட்டியலில் இல்லை. முதல் வேலைக்கு நீங்கள் பணம் கொடுத்தாயிற்று, இரண்டாவது வேலை நடக்கவே இல்லை. தம்பி பாக்கிக்கு அண்ணன் வண்டியை அவர்கள் பிடித்து வைக்க முடியாது.

உடனே ஒருமுறை நேரில் போய் வண்டியை வீடியோ எடுங்கள். பேட்டரி நம்பர், ஸ்டெப்னி, ஜாக்கி, கிலோமீட்டர் எல்லாம் அதில் தெரியட்டும். அவர்கள் கையில் இருக்கும்வரை வண்டியைப் பத்திரமாக வைத்திருப்பது பிரிவு 151-ன்படி அவர்கள் பொறுப்பு. என்ஜினை இனி யார் பிரித்தாலும் உங்கள் முன்னால் பிரிக்க வேண்டும். வண்டிச் சேதத்தை மதிப்பிடும், உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரை வைத்து ஹெட்டை அளந்து, கையெழுத்தோடு அறிக்கை வாங்குங்கள். வழக்கின் முதுகெலும்பு அந்த அறிக்கைதான்.

அப்புறம், 15 நாள் கெடு கொடுத்து ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது. குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு நஷ்டம், தள்ளிப்போடாதீர்கள். ஓடாத நாள்களின் வருமான இழப்பைக் கேட்க, மீன் வியாபாரிகள் தந்த வாடகைச் சீட்டு, டீசல் பில், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். மனுவோடு, வண்டியை உடனே விடுவிக்கச் சொல்லி இடைக்கால உத்தரவும் கேளுங்கள். பிரிவு 38(8)-ன்படி ஆணையம் அதைத் தரலாம். அவர்கள் கேட்கும் தொகையில் ஏதாவது சந்தேகம் எழுந்தால், அந்தத் தொகையை ஆணையத்தில் கட்டிவிட்டு வண்டியை எடுக்கத் தயார் என்றும் அந்த மனுவில் எழுதிவிடுங்கள்.